அறுநூற்றுப் பதிமூன்றாம் கூடு

வெள்ளாங்கல் எஸ்டேட்டில் அறுநூற்றுப் பன்னிரண்டு வீடுகள் ஒழுகாது. அத்தனையும் குருவிகளுக்கானவை. அறுபத்து நான்கு வீடுகள் ஒழுகும். அவற்றில் மனிதர்கள் இருந்தார்கள். முதல் வகையைப் பார்த்துக்கொள்வது என் உத்தியோகம். இரண்டாவது வகையைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை.

என் பதவிக்குக் கூட்டு அலுவலர் என்று பெயர். அம்மா இதைக் கோயம்புத்தூரில் யாரிடமும் முழுசாகச் சொல்வதில்லை. "மீனலோசனி தேயிலைக் கம்பெனியில ஆபீசரா இருக்கா" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். குருவிக்குப் பெட்டி துடைக்கிறேன் என்று சொன்னால் வரன் அமையாது என்ற பயம்.

இது 2058ஆம் வருஷத்துக் கதை. தேயிலைக்கு மருந்தடிப்பதை உலகம் முழுக்க நிறுத்திப் பத்து வருஷம் ஆகியிருந்தது. மருந்து நின்றதும் புழுவுக்குக் கொண்டாட்டம். அது தின்று மிச்சம் வைத்த கொழுந்தைத்தான் நாம் பறிக்க முடியும் என்ற நிலை வந்தபோது யாருக்கோ பட்டாணிக் குருவி ஞாபகம் வந்தது. கைக்குள் அடங்கும் பறவை. கறுப்புத் தலை, வெள்ளைக் கன்னம், நெஞ்சில் டை கட்டியது மாதிரி ஒரு கறுப்புக் கோடு. குஞ்சு பொரித்துவிட்டால் ஒரு ஜோடி நாளொன்றுக்கு முந்நூறு நானூறு புழு பிடிக்கும். ஆனால் அது கூடு வைக்கப் பொந்து வேண்டும். பொந்துள்ள கிழமரங்களை எல்லாம் நாம் எப்போதோ வெட்டித் தேயிலை நட்டுவிட்டோம். ஆகவே இப்போது நிழல்மரங்களில் மரப்பெட்டிகள் தொங்கின.

ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு கருவி உண்டு. ஈரம், சூடு, எடை, சத்தம் எல்லாவற்றையும் அளந்து 'சிறகு' என்ற நிரலுக்கு அனுப்பும். சிறகு எங்கள் கம்பெனியுடையது அல்ல. தேயிலை வாங்குகிற நாடுகள் சேர்ந்து நடத்துவது. ஒரு கூடு தரம் குறைந்தால் பத்து நாளில் சரிசெய்யச் சொல்லும். செய்யாவிட்டால் எஸ்டேட்டின் முத்திரையை நிறுத்திவிடும். முத்திரை இல்லாத தேயிலையை யாரும் வாங்க மாட்டார்கள். எங்கள் மானேஜர் ஜெயசீலன் கடவுளுக்குப் பயந்தாரோ இல்லையோ, சிறகுக்குப் பயந்தார்.

காலை ஏழு மணிக்குப் பெரட்டு நடக்கும். எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று பார்த்து, யார் எந்தக் காட்டுக்கு என்று பிரித்துவிடுகிற கூட்டம். தேயிலைப் பாத்தியைத்தான் இங்கே காடு என்பார்கள். பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டே வழியிலுள்ள பெட்டிகளைத் திறந்து பார்த்து, முட்டை எத்தனை, குஞ்சு எத்தனை என்று என்னிடம் சொல்வார்கள். சித்திரை மாதத்தில் ஒரு நாள் பெரட்டில் சாலம்மா ஒரு கேள்வி கேட்டாள். அவள் சாதாரணமாகப் பேசினாலே அடுத்த மலையில் கேட்கும்.

"ஏன் மேடம், எட்டாம் நம்பர் காட்டுல பொட்டிக்குப் பொட்டி ஆறு முட்டை, ஏழு முட்டை. ஆத்தோரத்துல ரெண்டுக்கு மேல இல்ல. அந்தக் குருவிங்களுக்கு என்ன வந்துச்சு? சோம்பேறிச் சிறுக்கிங்களா?"

"சோம்பேறி இல்ல சாலம்மா, புத்திசாலிங்க. முட்டை போடறதுக்கு முன்னாடியே பொட்டக்குருவி வீட்ட நல்லாப் பாத்துடும். ஈரம் ஏறுதா, குளிர் உள்ள வருதா, பாம்பு நுழைய வழி இருக்கா, எல்லாம். ஆத்தோரப் பெட்டியில அடிப்பலகை ஊறிப்போச்சு. அங்க ஏழு போட்டா ஏழும் வெறச்சுப் போயிடும். அதுங்களுக்கு எரை தேடியே தாயும் செத்துடும். அதனால ரெண்டோட நிறுத்திக்கும். சிலது ஒண்ணுமே போடாது. நல்ல வீடு கிடைக்கிற வருஷத்துக்காக உடம்பக் காப்பாத்தி வச்சுக்கும்."

"வீட்டச் சரி பண்ணிட்டா?"

கேட்டது பவுனுத்தாய். கடைசி வரிசையில் இடுப்பில் கை ஊன்றி நின்றாள். ஏழு மாத வயிறு.

"போன மாசம் ஒரு பெட்டிக்குப் பலகை மாத்தினோமே, அங்க அதே பொட்ட மறுபடி கூடு கட்டி அஞ்சு போட்டிருக்கு. குருவி மாறல பவுனு. பலகைதான் மாறிச்சு."

அவள் தலையை ஆட்டினாள். காட்டுக்கு ஏறும்போது என் பக்கத்தில் வந்து சேர்ந்துகொண்டாள்.

"எனக்கு முதல்ல ஒரு பொண்ணு பொறந்துச்சு மேடம். உங்களுக்குத் தெரியாது, நீங்க வர்றதுக்கு முன்னாடி. ஆனி மாசம். ராவும் பகலும் மழை. தொட்டில எங்க கட்டினாலும் அங்க ஒழுகும். நாப்பத்தோராம் நாள் நெஞ்சுச்சளி கட்டிப் போயிருச்சு."

நடந்தோம்.

"அப்பறம் மூணு வருஷம் நாங்களே வேணாம்னு இருந்தோம். எங்க மாமியா ஊரு பூரா சொல்லிருச்சு, இவ வயித்துல இனிமே தங்காதுன்னு. நான் பதிலே சொல்லல. குத்தம் வயித்துல இல்ல மேடம், கூரையில. இப்ப இது தானா வந்துருச்சு. ஆனி பொறக்கயில பொறக்கும். தொரைகிட்ட மூணு தடவ போய்க் கேட்டாச்சு, கூரையப் போட்டுக் குடுங்கன்னு. ரெண்டு வருஷத்துல லயனையே இடிக்கப் போறோம், பறிக்கிறதுக்கு மிஷின் வருது, எதுக்கு வீண்வேலைன்னுட்டாரு."

வெள்ளைக்காரன் போய் நூறு வருஷம் தாண்டியும் மானேஜருக்கு இங்கே தொரை என்றுதான் பெயர், தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு லயன் என்றுதான் பெயர். நானும் அவரிடம் ஒரு தடவை அவளுக்காகக் கேட்டிருக்கிறேன். "நீங்க குருவியப் பாருங்கம்மா" என்றார்.

அந்த வாரக் கடைசியில் கோடை மழை பெய்தது. ஆலங்கட்டியோடு ஒரு காற்று அடித்து, நானூற்று ஏழாம் பெட்டி இருந்த கிளை முறிந்து விழுந்தது. நல்லவேளை, பெட்டி காலி. அது பவுனுத்தாயின் வரிசை. உடைந்த பெட்டியை அவள் மரத்தடியில் ஒதுக்கிவைத்தாள். பொத்தானை மட்டும் சேறு துடைத்து முந்தானையில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுபோனாள், மறுநாள் என்னிடம் கொடுக்க. லயன் வீடுகளில் அலமாரி கிடையாது. தொலையக் கூடாததை எல்லாம் கூரைக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற இடுக்கில்தான் செருகி வைப்பார்கள். சீப்பு, ரேஷன் அட்டை, ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் அங்கேதான். பொத்தானும் அங்கே போனது. மறுநாள் ஞாயிறு. அவள் மறந்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலை எனக்கும் மானேஜருக்கும் சிறகிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. அதை அப்படியே தருகிறேன்.

"பொத்தான் 407 நாலாம் லயனுக்கு இடம் மாறியுள்ளது. புதிய கூடாகப் பதிவு செய்யப்படுகிறது: எண் 613. குடியிருப்போர் இருவர். உடல் வெப்பம் முப்பத்தேழு. உடல் அளவு அட்டவணையில் இல்லை. ஆண் பறவை இரவு முழுவதும் கனத்த ஒலி எழுப்புகிறது. பெண் பறவையின் இதயத் துடிப்போடு இன்னொரு சிறு துடிப்பும் கேட்கிறது. இனம் தெரியவில்லை. இனம் தெரியாத பறவை, மாறாக நிரூபிக்கப்படும் வரை, அரிய பறவையாகவே கருதப்படும். கூட்டின் நிலை மிக மோசம். மேற்புறத்தில் பதினோரு இடங்களில் நீர் இறங்குகிறது. இந்த நிலையில் குஞ்சு பிழைக்கும் வாய்ப்பு குறைவு. பத்து நாட்களில் சரிசெய்க."

உடல் வெப்பம் முப்பத்தேழு என்ற இடத்தை நான் இரண்டு தடவை படித்தேன். குருவிக்கு நாற்பத்தொன்று இருக்கும். முப்பத்தேழு யாருக்கு என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் சொல்லும். இரவு முழுவதும் கனத்த ஒலி எழுப்பும் ஆண் பறவை பவுனுத்தாயின் புருஷன் இருளப்பன். அவன் குறட்டை லயனுக்கே பிரசித்தம்.

ஜெயசீலன் அந்த வரியைக் கவனிக்கவில்லை. அவர் கண்ணில் பட்டது 'அரிய பறவை' என்ற இரண்டு சொல்தான். ஏழரை மணிக்குள் தலைமை அலுவலகத்துக்குச் சொல்லி, எட்டு மணிக்குள் தேயிலை வாங்குகிறவர்கள் எல்லாரும் பார்க்கிற எஸ்டேட் பக்கத்தில் அறிவித்தும் விட்டார். "வெள்ளாங்கல்லில் உலகம் அறியாத பறவை! அதன் கூட்டைக் காக்க எந்த முயற்சியையும் விடமாட்டோம்." கீழே கையெழுத்து, புகைப்படம், புன்னகை.

நான் நாலாம் லயனுக்கு ஓடினேன். பவுனுத்தாய் அன்றைக்கு இடுப்புவலி என்று வேலைக்குப் போகாமல் வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"பவுனு, அந்தப் பொத்தான் எங்க?"

"ஐயையோ!" என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். "சத்தியமா மறந்தே போயிட்டேன் மேடம். பத்திரமாத்தான் வச்சிருக்கேன். இந்தா எடுத்தாறேன்."

உள்ளே போய்க் கையை உயர்த்தினாள். நானும் பின்னால் போய் மேலே பார்த்தேன். அந்த வீட்டுக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை. ஒரு வருஷமாக அந்த வழியே நடந்துகொண்டிருந்தவள் நான். பழைய தகரம். ஓட்டைகளை அடைக்கக் கட்சிக்காரர்களின் பிளெக்ஸ் துணியைக் கிழித்துச் செருகியிருந்தார்கள். சுவரில் ஈரம் இடுப்புயரம் ஏறியிருந்தது. தரையில் வரிசையாக வாளி, குண்டான், ஒரு தகர டப்பா. மூலையில் கயிற்றுக் கொக்கி ஒன்று தொங்கியது. தொட்டில் கட்டுகிற கொக்கி.

எனக்கு வெட்கமாக இருந்தது. அதற்கு முந்தின வாரம் ஒரு குருவிப் பெட்டியில் அரை விரல் அளவு ஈரம் கண்டு நான் தச்சரைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டிருந்தேன்.

"எடுக்காத பவுனு. அங்கயே இருக்கட்டும்" என்றேன்.

"ஏன் மேடம்?"

"கூடு மோசமா இருக்காம். பத்து நாள்ல சரி பண்ணணும்னு உத்தரவு வந்திருக்கு."

அவள் என்னையும் கூரையையும் மாறி மாறிப் பார்த்தாள். முதலில் புரியவில்லை. புரிந்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, பிறகு சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் அழுதாள்.

வெளியே ஜீப் சத்தம் கேட்டது. ஜெயசீலன் முழங்கை நீள லென்ஸ் மாட்டிய கேமராவோடு, பறவை பயந்துவிடக் கூடாதென்று பூனை நடை நடந்து வந்தார். என்னைக் கண்டதும் உதட்டில் விரலை வைத்தார்.

"எங்கம்மா? கூரை மேலயா?" என்று கிசுகிசுத்தார்.

"இல்ல சார், உள்ள."

"உள்ள பூந்துடுச்சா? ஜோடியா இருக்கா?"

"ஆண் பறவை வேலைக்குப் போயிருக்கு சார். பெண் பறவை இதோ."

பவுனுத்தாய் கீரைத் தட்டோடு வாசலுக்கு வந்து, "கும்பிடுறேன் தொரை" என்றாள்.

அவர் முகம் போன போக்கை நான் விவரிக்கப் போவதில்லை. நினைத்தால் இப்போதும் தனியாகச் சிரிக்கிறேன், பார்ப்பவர்கள் ஒருமாதிரி பார்க்கிறார்கள்.

அலுவலகத்தில் கதவைச் சாத்திக்கொண்டு கத்தினார். "இது கூடே இல்ல, லயன்! உடனே எழுதுங்க, தப்பு நடந்துபோச்சுன்னு!"

எழுத வேண்டியது என் கடமைதான். பொய் சொல்லி அந்தக் கூரையைக் காப்பாற்ற முடியாது, இரண்டு நாளில் குட்டு வெளிப்படும். ஆகவே உள்ளதை உள்ளபடி எழுதினேன். "கூடு 613இல் குடியிருப்பது பறவை அல்ல. மனிதர்." பவுனுத்தாயின் கூரையை நானே பிடுங்கிப் போடுவது போல் இருந்தது.

சிறகு உடனே பதில் அனுப்பியது.

"நன்றி. இனம்: மனிதர். தோட்டத்தில் குஞ்சு வளர்க்கும் எந்த வெப்ப இரத்த உயிருக்கும் தரம் ஒன்றே. இந்த இனத்துக்குத் தனி அட்டவணை இல்லாததால் பட்டாணிக் குருவியின் அட்டவணையே பின்பற்றப்படும். பழுது நிலுவையில் உள்ளது. மீதம் ஒன்பது நாட்கள். விலக்கு வேண்டுமெனில் கீழ்க்கண்ட கேள்விக்கு விடை தரவும்: இந்த இனத்துக்கு உலர்ந்த கூடு ஏன் தேவையில்லை? தங்கள் விடை, தங்கள் பெயருடன், தேயிலை வாங்குவோர் பார்க்கும் பக்கத்தில் வெளியிடப்படும்."

ஜெயசீலன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "விலக்குதானே? எழுதிட்டாப் போச்சு. நான் சொல்றேன், அடிங்க. இவங்களுக்கு இது பழகிப்போச்சு."

அடித்தேன். சிறகு கேட்டது: "எத்தனை குஞ்சுகள் இறந்த பின் பழகியது?"

"இது என்ன கேள்வி! அத அழிங்க. லயனை ரெண்டு வருஷத்துல இடிக்கப் போறோம்னு போடுங்க."

போட்டேன். "குஞ்சு பிறக்கும் நாள்: ஜூன் 14 அளவில். இடிப்பது அதற்கு முன்பா, பின்பா?"

அவர் எழுந்து ஜன்னலுக்குப் போனார். திரும்பி வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்படிப் போடுங்க. மனுஷங்க குருவி மாதிரி இல்ல. அவங்களுக்கு..."

காத்திருந்தேன். விரல்கள் விசைப்பலகை மேல் இருந்தன.

"அவங்களுக்கு?" என்றேன்.

அந்த வாக்கியத்தை அவரால் முடிக்க முடியவில்லை. முடிக்க எத்தனையோ வழி இருந்தது. தினமும் பெரட்டில் அவர் வாயிலிருந்து வருகிற வழிகள்தான். தன் பெயரைப் போட்டு உலகத்துக்கு முன் வைக்கத்தான் வழி இல்லை. புன்னகைக்கிற அவருடைய படத்துக்குக் கீழே அல்லவா அது வரும்?

"பொத்தானைக் கழட்டி எறிஞ்சிட்டா?" என்றார் கடைசியில்.

"அடைகாக்கிற கூட்ட நெருங்கிக் கலைக்கிறது இருக்கிறதிலயே பெரிய குத்தம் சார். அன்னைக்கே முத்திரை போயிடும்."

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "சரி. அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் தகரம் மாத்திக் குடுங்க. மத்தவங்களுக்கு விஷயம் தெரிய வேணாம்" என்றார்.

விஷயத்தைச் சொல்ல நான் நாலாம் லயனுக்குப் பறக்காத குறையாக ஓடினேன். பவுனுத்தாய் துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தேன். அவள் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"எனக்கு மட்டுமா மேடம்?"

"ஆமா. உனக்கு மட்டும். வெளிய சொல்லாத."

"அடுத்த வீட்டுல ரெண்டு பச்சப்புள்ள இருக்கு. அவளுக்கு ஒழுகுறத நான் காதால கேட்டுக்கிட்டு என் புள்ளைய எப்படித் தூங்க வைக்கிறது?"

"பவுனு, கிடைச்சதையும் கெடுத்துக்காத" என்றேன். கோபமாகத்தான் சொன்னேன். அவளுடைய நாற்பத்தொரு நாள் குழந்தை என் கண்ணுக்குள்ளேயே நின்றது. இந்த முறை தப்பினால் அவள் தாங்குவாளா என்ற பயம் எனக்கு.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. "அந்த மாதிரிப் பொத்தானு இன்னும் இருக்கா மேடம்?"

மறுநாள் பெரட்டில் அவள் முன்வரிசைக்கு வந்து நின்று, முந்தின நாள் நடந்ததை எல்லாருக்கும் சொன்னாள். 'இந்த இனத்துக்கு உலர்ந்த கூடு ஏன் தேவையில்லை?' என்ற கேள்வியைச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. சாலம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் வீரப் பரம்பரையில் வந்தவள் இல்லை. அந்த வேலை போனால் அம்மாவிடம் என்ன சொல்வது என்றுதான் முதலில் நினைத்தேன். உபரிப் பொத்தான்கள் என் ஸ்டோர் ரூமில் ஒரு பெட்டி நிறைய இருந்தன. புதிய கூடு எதைக் கண்டாலும் பொத்தான் வைப்பது கூட்டு அலுவலரின் கடமை என்று என் உத்தியோக விதியிலேயே எழுதியிருக்கிறது. அந்த விதியை நான் நாலு தடவை படித்திருக்கிறேன், பரீட்சைக்கு. சாவியை எடுத்துச் சாலம்மா கையில் கொடுத்தேன்.

"வீட்டுக்கு ஒண்ணு. கூரை இடுக்குல வைங்க. ஈரம் படுற பக்கமா" என்றேன்.

அடுத்த நாள் காலை சிறகு அனுப்பிய அறிவிப்பு மொத்தம் அறுபத்து மூன்று பக்கம். கூடு 614 முதல் 676 வரை. ஒவ்வொன்றிலும் எத்தனை ஒழுக்கு, எவ்வளவு ஈரம், இரவில் எத்தனை பேர் இருமினார்கள் என்று எல்லாம் இருந்தது. கடைசியில் ஒரு வரி: "ஒரே தோட்டத்தில் இத்தனை மோசமான கூடுகள் இதுவரை பதிவானதில்லை. இந்த இனம் இங்கே இன்னும் குஞ்சு வளர்ப்பது வியப்புக்குரியது."

சாலம்மா அந்த வரியைப் பெரட்டில் மூன்று தடவை படிக்கச் சொன்னாள். மூன்றாவது தடவை யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லாரும் தட்டினார்கள். பக்கத்து நிழல்மரத்திலிருந்த குருவி ஒன்று பயந்து பறந்தது. என் உத்தியோக வாழ்க்கையில் நான் குருவிக்காகக் கவலைப்படாத நாள் அது ஒன்றுதான்.

தலைமை அலுவலகத்திலிருந்து போன் மேல் போன் வந்தது. வக்கீல்கள் பேசினார்கள். விலக்குக் கேட்கலாமா என்று அறுபத்து நாலு தடவை யோசித்திருப்பார்கள், ஆனால் அந்தக் கேள்விக்கு விடை எழுதிக் கையெழுத்துப் போட அங்கேயும் ஓர் ஆள் கிடைக்கவில்லை. நாலாம் நாள் முதல் லாரி நாற்பது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்து நின்றது. புதுத் தகடு, மரச்சட்டம், கூரைக்கு அடியில் கொடுக்கிற பஞ்சுப் பலகை, அதுவும் குருவிப் பெட்டிக்குப் போடுகிற அதே தரத்தில். பறிக்கிற வேலையை நிறுத்திவிட்டு ஆணும் பெண்ணும் கூரை ஏறினார்கள். இருளப்பன் சட்டம் அறைகிற சத்தம் குறட்டையை விட நன்றாக இருந்தது. பவுனுத்தாய் ஏறக் கூடாது என்று கீழே உட்கார வைத்திருந்தோம். அவள் அங்கிருந்தே எல்லாரையும் விரட்டினாள்: "ஏ, அந்த ஓரம் இன்னும் ஒரு விரக்கட எறக்கு! சாரல் அடிக்கும்!"

பத்தாம் நாள் சாயங்காலம் அறுபத்து நாலு கூரையும் முடிந்தது.

எனக்குத் தண்டனை கிடைக்காமல் இல்லை. ஆபீசர் குவார்ட்டர்ஸைக் காலி செய்து, பவுனுத்தாய் வீட்டை ஒட்டிக் காலியாகக் கிடந்த லயன் வீட்டில் குடியேறும்படி ஜெயசீலன் உத்தரவு போட்டார். அவர் அவசரத்தில் ஒன்றை மறந்துவிட்டார்: நான் கணக்கில் சேர்க்காத குவார்ட்டர்ஸும் ஒழுகும், லயன் இப்போது ஒழுகாது. நான் அன்றைக்கே பெட்டி கட்டிவிட்டேன்.

ஜூன் இரண்டாம் தேதி மழை இறங்கியது. இந்த மலையில் மழை கேட்டுவிட்டு வராது. மத்தியானம் வானம் இருண்டு, எதிர்மலை மறைந்து, ஊற்ற ஆரம்பித்தது. பெண்கள் காட்டிலிருந்து ஓடிவந்து அவரவர் வீட்டுக்குள் நுழைந்தார்கள். நானும் பவுனுத்தாய் வீட்டுக்குள் ஓடினேன். அவள் நடு வீட்டில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பழக்கத்தில் கையில் ஒரு குண்டானை எடுத்துவிட்டிருந்தாள். மேலே சத்தம் காதைப் பிளந்தது. கீழே ஒரு சொட்டு இல்லை. கால் மணி நேரம் அப்படியே நின்றாள். பிறகு குண்டானில் அரிசியைப் போட்டுக் கழுவி அடுப்பில் வைத்தாள்.

பதிமூன்றாம் தேதி மழையோடு மழையாகப் பெண் குழந்தை பிறந்தது. மூன்று கிலோ நூறு கிராம். ஆஸ்பத்திரியிலிருந்து அவர்கள் வந்த அன்று சிறகு எழுதியது: "கூடு 613: குஞ்சு ஒன்று. நலம். கூடு உலர்ந்துள்ளது." என் உத்தியோகத்தில் எத்தனையோ ஆயிரம் குஞ்சுகளைப் பதிந்திருக்கிறேன். அந்த ஒன்றைப் பதியும்போது எழுத்து மங்கியது, கண்ணைத் துடைத்துக்கொண்டு பதிந்தேன்.

இந்தச் சந்தோஷத்துக்கு நடுவில் ஒரு பயம் இருந்தது, யாரும் வெளியே சொல்லவில்லை. நாற்பத்தொன்றாம் நாள். அது வரும்வரை பவுனுத்தாய் குழந்தைக்குப் பெயர் வைக்கவில்லை. மழை விடவே இல்லை. தினமும் விடியற்காலையில் அவள் குழந்தையின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்பதைச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து நான் உணர்வேன். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது. நாற்பத்தொன்றாம் நாள் காலை குழந்தை அழுத அழுகையில் லயனே எழுந்துகொண்டது. அப்படி ஓர் ஆரோக்கியமான தொண்டை. சாலம்மா வாசலில் நின்று, "யாருடி அது என்கூடப் போட்டி போடுறது?" என்று கத்தினாள். பவுனுத்தாய் அன்றைக்குத்தான் பெயர் வைத்தாள். வெற்றிச்செல்வி.

அதே காலையில் சிறகிலிருந்து எனக்கு ஒரு கேள்வி வந்திருந்தது. படித்ததும் போனை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். பவுனுத்தாய் குழந்தையை மடியில் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"பவுனு, சிறகு ஒரு சந்தேகம் கேக்குது."

"என்னவாம்?"

வாசித்துக் காட்டினேன். "கூடு 613. அட்டவணைப்படி குஞ்சு பத்தொன்பதாம் நாள் பறந்திருக்க வேண்டும். நாற்பத்தொரு நாளாகியும் கூட்டிலேயே உள்ளது. கூட்டில் ஏதேனும் குறை உண்டா?"

அவள் குழந்தையின் காலை நீவிக்கொண்டே யோசித்தாள். மேலே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"ஒரு குறையும் இல்ல, அதான் போகலன்னு எழுதுங்க மேடம்."

எழுதினேன்.